சந்தேகத்தின் பலன் யாருக்கு?

(கருதுகோள் சோதனையும் பொருள் பரிசோதனையும் குறித்துக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புள்ளியியல் தேர்வில் உங்கள் கையில் ஒரு டி-அட்டவணையைக் கொடுத்திருப்பார்கள். 0.05 என்று தலைப்பிட்ட வரிசையில் ஓர் எண்ணைத் தேடச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கணக்குப்போட்டு எடுத்த எண் அதைவிடப் பெரிதென்றால் 'நிராகரிக்கிறோம்' என்று எழுதுவீர்கள். சிறிதென்றால் 'ஏற்கிறோம்' என்று எழுதுவீர்கள். ஐந்து மதிப்பெண் வந்துவிடும். அந்த அட்டவணை எங்கே பிறந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது பிறந்தது பீர் ஆலையில்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1759-இல் தொடங்கிய கின்னஸ் ஆலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே பெரிய பீர் ஆலையாக வளர்ந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் படித்த இளைஞர்களை அது வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. 1899-இல் அப்படிச் சேர்ந்தவர் வில்லியம் சீலி கோசெட். வயது 23. கணிதமும் வேதியியலும் படித்தவர். எந்த பார்லி நல்லது, எந்த ஹாப்ஸ் நல்லது, முளைகட்டிக் காயவைத்த மால்ட்டில் சர்க்கரைச் சத்து சரியாக இருக்கிறதா என்பவைதான் அவருக்கு வந்த கேள்விகள். இவற்றை நாக்கால் மட்டும் தீர்மானித்த காலம் முடிந்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து தீர்மானிக்கும் காலம் தொடங்கியிருந்தது.

அளப்பது சரி. எத்தனை முறை அளப்பது? இங்கேதான் சிக்கல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். புள்ளியியல் ஆசிரியர்கள் கூறெடுப்புப் பாடத்தை அந்தப் பழமொழியில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதில் ஒரு மறுப்பு உண்டு. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு என்பதால் அங்கே ஒரு சோறு போதும். பார்லி அப்படி வருவதில்லை. பல ஊர்கள், பல வயல்கள், பல மழைகள். ஒரே வயலிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விளைச்சல் மாறும். நாலு மாதிரியை எடுத்து அளந்தால் நாலு எண்கள் வரும். அந்த நாலின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

அன்றைய கணிதத்தில் இதற்கு விடை இருந்தது. ஆனால் அது நூற்றுக்கணக்கில் மாதிரி எடுப்பவர்களுக்கான விடை. லண்டனில் கார்ல் பியர்சன் ஆயிரக்கணக்கான அளவீடுகளை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். ஆலைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பணம் ஆகும், நாள் ஆகும். கோசெட் 1906-07-இல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் தங்கித் தன் சிக்கலை ஆராய்ந்தார். அப்போது அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் ஏற்கெனவே ஒரு கட்டுரையில் வெளியாகியிருந்தன. அந்த எண்களை ஆளுக்கு ஓர் அட்டையாக எழுதி, 3,000 அட்டைகளையும் நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்தார். 750 சிறு கூறுகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் சராசரி, திட்டவிலக்கம் என்று கணக்குப் போட்டு, தன் சூத்திரம் சொல்வது உண்மையில் நடக்கிறதா என்று பார்த்தார். இன்று கணினியில் ஒரு நொடியில் செய்வதை அவர் கையால் செய்தார்.

1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை வந்தது. ஆலைப் பணியாளர்கள் தங்கள் பெயரில் ஆய்வு வெளியிட நிர்வாகம் இசையவில்லை. அதனால் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்திட்டார். ஸ்டூடண்ட்டின் டி-சோதனை என்று நீங்கள் படிப்பது அதுதான். பெயரில் மாணவர் இருக்கிறார். எழுதியவர் பீர் காய்ச்சியவர்.

இனி, சோதனையின் தர்க்கத்துக்கு வருவோம். அதற்கு பீரை விட்டுத் தேநீருக்குப் போகவேண்டும்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம். 1919-இல் அங்கே ரொனால்ட் ஃபிஷர் புள்ளியியலராகச் சேர்ந்தார். ஒரு மாலை, உடன் பணியாற்றிய பாசியியல் ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டலுக்கு ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். அந்த அம்மையார் வேண்டாம் என்றார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றிப் பிறகு தேநீரை ஊற்றினால்தான் குடிப்பாராம்; மாற்றி ஊற்றினால் சுவை தெரிந்துவிடுமாம். ஃபிஷர் சிரித்தார். பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச் என்ற வேதியியலர், சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார். (ரோச்சும் பிரிஸ்டலும் பின்னாளில் மணம் செய்துகொண்டார்கள். அது வேறு கருதுகோள்.)

1935-இல் ஃபிஷர் எழுதிய 'பரிசோதனைகளின் வடிவமைப்பு' என்ற நூலில் இந்தச் சோதனை ஓர் அத்தியாயமாகவே வருகிறது. எட்டுக் கோப்பைகள். நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். எந்த வரிசையில் கொடுப்பது என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கவேண்டும். நாலு நாலு என்பது சுவைப்பவருக்குத் தெரியும். பால் முதலில் ஊற்றிய நாலையும் அவர் பிரித்தெடுக்கவேண்டும்.

இப்போது ஃபிஷர் செய்ததைக் கவனியுங்கள். 'இவருக்கு வித்தியாசம் தெரியும்' என்று அவர் தொடங்கவில்லை. 'இவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா ஊகிக்கிறார்' என்று தொடங்கினார். இதுதான் இன்மைக் கருதுகோள். ஏன் இப்படித் தலைகீழாகத் தொடங்கவேண்டும்? 'தெரியும்' என்பது மங்கலான வாசகம். எட்டிலும் தெரியுமா, பத்துக்கு ஏழு முறை தெரியுமா? அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. 'ஒன்றுமே தெரியாது' என்பது மிகத் தெளிவான வாசகம். எட்டுக் கோப்பையில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாதவருக்கு அந்த 70-உம் சமம். நாலும் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு, அதாவது சுமார் 1.4 சதவீதம்.

மூன்று சரி, ஒன்று தவறு என்று சொன்னால்? பெரும்பாலோர் அதையும் கைதட்டி ஏற்றுக்கொள்வார்கள். கணக்கு ஏற்காது. மூன்று சரியாக அமைய 16 வழிகள். நாலும் சரியான ஒரு வழியைச் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு என்பது 24 சதவீதம். ஒன்றும் தெரியாத நாலு பேரை உட்காரவைத்தால் அவர்களில் ஒருவர் இந்த அளவுக்குச் சொல்லிவிடுவார். ஆகவே இந்தச் சோதனையில் தேற ஒரே வழிதான்: நாலும் சரியாக இருக்கவேண்டும். இதைத் தேநீர் கொதிப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடலாம் என்பதுதான் அழகு. அந்த அம்மையார் நாலையும் சரியாகச் சொன்னார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஃபிஷரின் நூலில் முடிவே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

நான் சொன்ன 1.4, 24 என்ற எண்களுக்குத்தான் பி-மதிப்பு என்று பெயர். இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால், நாம் கண்ட அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்கிறது. அவ்வளவே. 'அம்மையார் பொய் சொல்ல 1.4 சதவீத வாய்ப்பு' என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், பத்திரிகையில் எழுதுபவர்கள் எல்லாரும் இங்கே தவறுகிறார்கள். பி-மதிப்பு கருதுகோளின் நிகழ்தகவு அல்ல. கருதுகோளை நம்பினால் தரவு எவ்வளவு வியப்பூட்டுகிறது என்பதன் அளவு.

இப்போது கடைக்குப் போவோம். ஒரு கிலோ என்று அச்சிட்ட சர்க்கரைப் பொட்டலம். இயந்திரம் நிரப்புகிறது, எந்த இயந்திரமும் அச்சாக 1,000 கிராம் நிரப்பாது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டவை. ஒரு கிலோ பொட்டலத்தில் தனித்தனியாகப் பார்த்தால் 15 கிராம் வரை பிழையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சராசரி குறையக்கூடாது. அந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லாப் பொட்டலத்திலும் 14 கிராம் குறைத்துவிட்டுச் சட்டப்படி நடக்கிறேன் என்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நீங்கள் 16 பொட்டலங்களை நிறுக்கிறீர்கள். சராசரி 996 கிராம். திட்டவிலக்கம் 8 கிராம். நாலு கிராம் குறைகிறது. இயந்திரத்தின் இயல்பான தடுமாற்றமா, உண்மையான குறைவா?

எட்டைப் பதினாறின் வர்க்கமூலமான நாலால் வகுத்தால் 2 கிராம். இது சராசரியின் திட்டப்பிழை. குறைவு நாலு கிராம்; நாலை இரண்டால் வகுத்தால் டி-யின் மதிப்பு 2. அட்டவணையில் 15 என்ற வரிக்குப் போங்கள். ஒருபக்கச் சோதனைக்கு ஐந்து சதவீத மிகைகாண் நிலையில் எல்லை 1.753. நம் எண் பெரிது. குறைவு உண்மை என்று சொல்லலாம். ஒரு சதவீத நிலையில் எல்லை 2.602. நம் எண் சிறிது, குறைவு நிறுவப்படவில்லை. தராசு ஒன்று, பொட்டலங்கள் அவையே, தீர்ப்பு மட்டும் இரண்டு.

பதினாறுக்குப் பதில் நாலே நாலு பொட்டலங்களை நிறுத்து இதே சராசரியும் விலக்கமும் வந்திருந்தால், டி-யின் மதிப்பு 1-தான். ஐந்து சதவீத எல்லையோ 2.353-க்கு ஏறிவிடும். பழைய பெருங்கூறு முறைப்படி அந்த எல்லை 1.645 என்றே இருந்திருக்கும். மாதிரி குறையக் குறைய, குற்றம் சாட்டுவதற்கு இன்னும் வலுவான ஆதாரம் கேட்கவேண்டும் என்பதைத்தான் கோசெட் 750 முறை கணக்குப் போட்டு உறுதி செய்துகொண்டார்.

சரி, ஐந்தா, ஒன்றா? எதை எடுப்பது?

ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலில் இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று குறிப்பிட்டார். அந்த வசதி நாளடைவில் வேதவாக்காகிவிட்டது. இதில் என் கட்சி ஃபிஷர் அல்ல, கோசெட். 1905-இலேயே பியர்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன கருத்து இது: எங்களைப் போன்றோர் வேலையில் எவ்வளவு உறுதி தேவை என்பது, முடிவைப் பின்பற்றினால் கிடைக்கும் பண லாபம் எவ்வளவு, புதிய முறைக்கு ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆகும் செலவு எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது. அதாவது ஐந்து சதவீதம் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. தவறினால் யார் பணம் கட்டுவது என்று கேட்டுத் தீர்மானிக்கவேண்டிய எண்.

தவறுகள் இரண்டு வகை. உங்கள் பாடத்தில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று படித்திருப்பீர்கள். மனப்பாடம் செய்து, தேர்வறையில் எது முதல், எது இரண்டு என்று குழம்பியும் இருப்பீர்கள். ஆலைக்காரர்கள் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாட்ஜ், ரோமிக் என்ற இருவர் 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் உற்பத்தியாளர் இடர், நுகர்வோர் இடர் என்று பிரித்தார்கள். நல்ல சரக்கைக் கெட்டது என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் உற்பத்தியாளருக்கு. கெட்ட சரக்கை நல்லது என்று வாங்கிவிட்டால் நஷ்டம் வாங்குபவருக்கு. இந்த இரு பிழைகளையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தது 1933-இல் வெளியான நெய்மன், ஈகன் பியர்சன் கட்டுரை. ஈகன், கார்ல் பியர்சனின் மகன். அவர் 1931-இல் அமெரிக்கா சென்று தரக் கட்டுப்பாட்டு வரைபடங்களை உருவாக்கிய வால்ட்டர் ஷூவார்ட்டைச் சந்தித்துவிட்டு வந்தவர். 1935-இல் பிரிட்டிஷ் தொழில்துறைக்கான புள்ளியியல் தர ஏடு ஒன்றையும் எழுதினார். நீங்கள் சூத்திரமாகப் படிக்கும் கோட்பாட்டின் பாதி வேர் தொழிற்சாலைத் தரையில் இருக்கிறது.

நம் சர்க்கரைக்குத் திரும்புவோம். இயந்திரம் உண்மையிலேயே பொட்டலத்துக்கு நாலு கிராம் குறைத்துப் போடுகிறது, விலக்கம் எட்டு கிராம் என்று வையுங்கள். பதினாறு பொட்டலம் நிறுக்கும் ஆய்வாளர் ஐந்து சதவீத எல்லை வைத்திருந்தால் நூற்றுக்குச் சுமார் 60 முறை பிடிப்பார், 40 முறை கோட்டைவிடுவார். 'அநியாயமாக ஒருவர்மேல் பழி சுமத்திவிடக்கூடாது' என்று எல்லையை ஒரு சதவீதத்துக்கு இறக்கினால், கோட்டைவிடுவது நூற்றுக்கு எழுபதை நெருங்கிவிடும். உற்பத்தியாளருக்குக் காட்டிய இரக்கம் வாங்குபவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. இரண்டையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழி அதிகப் பொட்டலங்களை நிறுப்பது. அதற்குச் செலவாகும். அந்தச் செலவு வரிப்பணத்தில் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எதை இன்மைக் கருதுகோளாக வைக்கிறீர்களோ அந்தப் பக்கத்துக்குத்தான் சந்தேகத்தின் பலன் போகிறது. எடைச் சோதனையில் 'சராசரி சரியாக இருக்கிறது' என்று தொடங்கினோம். ஆக சந்தேகத்தின் பலன் ஆலைக்கு. புதிய மருந்துக்கு 'இதனால் பயனில்லை' என்று தொடங்குகிறோம். நிரூபிக்கும் சுமை மருந்துக் கம்பெனிக்கு. தொடக்க வாசகத்தை எழுதும்போதே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது.

ஜெனரிக் மருந்துகளில் இது எவ்வளவு கூர்மையாக வெளிப்பட்டது என்று பாருங்கள். காப்புரிமை முடிந்த மருந்தை இன்னொரு கம்பெனி மலிவாகத் தயாரிக்கிறது. இது மூல மருந்துக்குச் சமமா என்று தெரியவேண்டும். 'இரண்டுக்கும் வேறுபாடு இல்லை' என்பதை இன்மைக் கருதுகோளாக வைத்தால் என்ன ஆகும்? கம்பெனி வேண்டுமென்றே ஆறு பேரை மட்டும் வைத்து, தாறுமாறாக அளந்து, 'வேறுபாடு தென்படவில்லை' என்று சொல்லித் தேறிவிடலாம். சோதனை எவ்வளவு மட்டமோ அவ்வளவு எளிதாகத் தேறலாம்! நிராகரிக்க முடியவில்லை என்பதை நிரூபித்துவிட்டோம் என்று படித்தால் வரும் கேடு இது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய டொனால்ட் ஷூர்மன் 1987-இல் எழுதிய கட்டுரை இதை மாற்றிப்போடும் முறையை விளக்கியது. 'இவை சமமல்ல' என்று தொடங்கு. சமம் என்பதைக் கம்பெனி நிறுவட்டும். ரத்தத்தில் மருந்து சேரும் அளவின் விகிதத்துக்கான 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுவதும் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே அடங்கவேண்டும் என்பது இன்று பல நாடுகள் பின்பற்றும் விதி. மட்டமாகச் சோதித்தால் இடைவெளி அகன்று, கம்பெனிதான் தோற்கும். ஆகவே 'ஏற்கிறோம்' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதுங்கள். ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

சிறிய மாதிரியின் தொல்லையை இதுவரை பேசினோம். பெரிய மாதிரி எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? கோகோ-கோலா கம்பெனி 1985 ஏப்ரல் 23 அன்று தன் பானத்தின் செய்முறையை மாற்றியது. பெப்சியோடு பல ஆண்டுகளாக நடந்த சுவைப் போட்டியில் பின்தங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். மாற்றும் முன் ஏறத்தாழ 1,90,000 பேரிடம் சுவைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பழையதைவிடப் புதியதைப் பலர் விரும்பினார்கள். சந்தைக்கு வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. ஜூலை 11 அன்று பழைய பானம் திரும்பும் என்று அறிவித்தார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

1,90,000 பேர்! அந்த அளவு மாதிரியில் திட்டப்பிழை சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். நூற்றுக்கு ஐம்பதரைப் பேர் புதியதை விரும்பினாலே அது டி-அட்டவணையின் எல்லா எல்லைகளையும் தாண்டிவிடும். ஆனால் அவர்கள் சோதித்த கருதுகோள் 'ஒரு மிடறில் எது இனிக்கிறது' என்பது. சந்தை கேட்ட கேள்வி 'நான் இத்தனை வருடம் குடித்ததை எடுத்துவிட்டு இதைக் கொடுத்தால் ஏற்பேனா' என்பது. அந்தக் கேள்வியைச் சோதனை கேட்கவேயில்லை. தவறான கேள்வியை இரண்டு லட்சம் பேரிடம் கேட்டாலும் அது தவறான கேள்விதான். விடை மட்டும் மிகத் துல்லியமாக வரும்.

உங்களில் பலர் நாளை மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்வீர்கள். செயலியில் பொத்தான் பச்சையாக இருந்தால் அதிகம் பேர் அழுத்துகிறார்களா, ஆரஞ்சாக இருந்தாலா என்று இரண்டு பதிப்புகளை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். அங்கே ஒரு நோய் உண்டு. தினமும் காலையில் முடிவைத் திறந்து பார்ப்பது, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கிய அன்று சோதனையை நிறுத்தி, வென்றோம் என்று மின்னஞ்சல் அனுப்புவது. வேறுபாடே இல்லாத இரண்டு பதிப்புகளை இப்படி ஐந்து முறை இடையிடையே பார்த்தால், பொய்யான வெற்றிக்கு வாய்ப்பு 5 அல்ல, சுமார் 14 சதவீதம். பத்து முறை பார்த்தால் சுமார் 19. இடையில் பார்க்கவேண்டுமானால் அதற்கென்று எல்லைகளைக் கடுமையாக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றை முதலிலேயே எழுதிவைக்கவேண்டும்.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன், ஒரே தரவில் இருபது கேள்வி கேட்பது. நிறம், மணம், நுரை, விலை, பெண்கள் மட்டும், இளைஞர்கள் மட்டும் என்று இருபது வகையில் துருவினால், எதிலும் உண்மை வேறுபாடு இல்லாவிட்டாலும் ஒன்றாவது தேறிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் விளம்பரத்தில் போட்டு, 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்பார்கள். மற்ற பத்தொன்பதைப் பற்றி விளம்பரம் பேசாது. கேட்கவேண்டியவர்கள் நீங்கள்.

நம் நாட்டுக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவு பழையது. 1931-இல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். விடுதலை பெற்ற சூட்டோடு, 1947-48-இல் ஷூவார்ட் இந்தியா வந்து நம் தொழில்துறையினருக்குத் தரக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். அந்தக் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஆர்வமுள்ளவர்கள் போய்ப் பாருங்கள்.

போவதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சுவைப் பரிசோதனையில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. 1940-களில் பீர், விஸ்கி ஆலைகளில் வளர்ந்த முறை இது. ஒருவருக்கு மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறாக இருப்பதைக் காட்டச் சொல்லவேண்டும். ஒன்றும் தெரியாதவர் ஊகித்தாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும். அதுதான் இன்மைக் கருதுகோள். உங்கள் கல்லூரி கேண்டீனில் இரண்டு காபித்தூள்களை வாங்குங்கள். ஒரே பால், ஒரே சர்க்கரை, ஒரே சூடு. 24 பேரை அழையுங்கள். எந்தத் தூள் இரண்டு கோப்பைகளில் வருகிறது என்பதையும் சேர்த்தால், மூன்று கோப்பைகளை அடுக்க ஆறு வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் நாலு பேருக்குப் போகட்டும், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். கோப்பையில் எண் மட்டும் இருக்கட்டும். பரிமாறுபவருக்கும் எதில் எது என்று தெரியக்கூடாது.

24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால் ஐந்து சதவீத நிலையில் வேறுபாடு தெரிகிறது எனலாம். ஊகத்தால் அப்படி அமைய வாய்ப்பு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 12 பேர் சொன்னால் அந்த வாய்ப்பு ஏழு சதவீதத்தை நெருங்கும், அது தேறாது. 13 என்ற அந்த எண்ணைக் காபி போடுவதற்கு முன்பே தாளில் எழுதித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். 12 பேர் சரியாகச் சொன்னபின் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடலாமே என்று யாராவது சொன்னால் அவரைச் சோதனைக் குழுவிலிருந்து நீக்குங்கள். முடிவு எதுவானாலும் எத்தனை பேர், எத்தனை சரி, எல்லை எது என்று மூன்று எண்களையும் எழுதி உங்கள் துறைத் தலைவரிடம் கொடுங்கள்.